பிள்ளைத்தமிழ் சொல்லும் குழந்தை வளர்ச்சி

குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று இன்று டாக்டரைக் கேட்கிறோம். நம் புலவர்கள் இதை 12-ம் நூற்றாண்டிலேயே பாட்டாக்கி விட்டார்கள் நண்பர்களே!

குரும்பலூருக்குக் கிழக்கே, பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் உள்ளது சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம். அந்தச் சோழர்களில் ஒருவனான இரண்டாம் குலோத்துங்கனைக் (1133-1150) குழந்தையாக வைத்து ஒட்டக்கூத்தர் பாடியதுதான் நமக்குக் கிடைத்துள்ள முதல் பிள்ளைத்தமிழ் நூல். பெரியாழ்வார் கண்ணனைப் பாடியது இதற்கு முன்னோடி.

பருவங்கள் மொத்தம் பத்து. முதலில் காப்பு. பிள்ளையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. தடுப்பூசி இல்லாத காலத்தில் முதல் கவலை உயிர்தானே! ஐந்தாம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலை நிமிர்த்தி ஆடுவது. அடுத்தது தாலாட்டுக் கேட்கும் தால். ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கை தட்டுவது. பிறகு முத்தம். ஒரு வயதை ஒட்டி வருகை, அதாவது தளர்நடை. பெரும்பாலான குழந்தைகள் அந்த வயதை ஒட்டித்தான் நடக்கும் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. அடுத்து நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி.

இந்த ஏழும் இருபாலருக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிவு. ஆணுக்குச் சிறுபறை, சிற்றில் சிதைத்தல், சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அவன் பெண்கள் கட்டிய மணல் வீட்டை உதைக்கலாம், அவள் ஊஞ்சல் ஆடலாம்!

உடம்பு வளர்வது இருவருக்கும் ஒன்றுதான். பிரித்தது வளர்ப்பு. இன்றும் பொம்மைக் கடையில் அவனுக்குக் கார், இவளுக்குச் சொப்புச் சாமான் என்றுதானே வாங்குகிறோம்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?