திருவரங்குளத்துக் கண்மாயும் மூணு டெஸ்ட் மேட்சும்

எங்க ஊர்ல கிரிக்கெட் ஒரு தடவை செத்துப்போச்சு. அது 2000-ம் வருஷம். மறுபடி உசுரு வந்தது 2001 மார்ச்சுல. உசுரு கொடுத்தது மூணே மூணு டெஸ்ட் மேட்ச். அந்தக் கதைதான் இது.

ஊர் திருவரங்குளம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போற ரோட்டுல, சிவன் கோயிலுக்குப் பேர்போன ஊர். ஆனா எங்க செட்டுக்கு, தண்ணி வத்தின கண்மாய்தான் சேப்பாக்கம். ஸ்டம்புக்குக் கருவேலங்குச்சி, ரப்பர் பந்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கின ஒரே ஒரு பேட்டு.

2000 ஏப்ரல்ல டெல்லி போலீஸ் அந்த குண்டைப் போட்டாங்க. தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்ஸி குரோனியே சூதாட்டத் தரகரோட போன்ல பேசின விவகாரம். முதல்ல மறுத்தவர், சில நாள்லயே பணம் வாங்கினதை ஒத்துக்கிட்டார். அப்புறம் சிபிஐ விசாரணை. வருஷக் கடைசியில கிரிக்கெட் வாரியம் அசாருதீனுக்கு ஆயுள் தடை, அஜய் ஜடேஜாவுக்கு அஞ்சு வருஷத் தடைன்னு அறிவிச்சது. (ஜடேஜா தடை 2003-லயும், அசார் தடை 2012-லயும் கோர்ட்டுல ரத்தாயிடுச்சு. அன்னிக்கு எங்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?)

"எல்லாம் பேசி வச்சு ஆடுறாய்ங்க. நீங்கதான்டா கிறுக்கனுங்க"ன்னார் டீக்கடை மாமா. பதில் சொல்ல வாய் வரலை. தோத்தாக்கூட வலிக்காதுங்க, இதுக்காகவா ராத்திரி சாப்பிடாம அழுதோம்னு நினைக்கறப்பதான் வலிச்சது. கண்மாய்க்குப் போறது குறைஞ்சு, நின்னே போச்சு. பேட்டு என் கூட்டாளி வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போயிடுச்சு.

இந்த லட்சணத்துல ஸ்டீவ் வா தன் படையோட வந்து இறங்கினார். 1969-70க்கு அப்புறம் ஆஸ்திரேலியா இங்கே டெஸ்ட் தொடர் ஜெயிச்சதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்தாங்க. மும்பை டெஸ்ட் மூணே நாள்ல முடிஞ்சது, பத்து விக்கெட்ல தோல்வி. அவங்களுக்கு அது தொடர்ச்சியா 16-வது வெற்றி. மாமா சிரிச்சார். நாங்க டிவி பக்கமே திரும்பலை.

கொல்கத்தாவுல அவங்க 445, நம்ம 171. ஃபாலோ ஆன். வழக்கம்போல முடிஞ்சுதுன்னு நினைச்சோம். அப்புறம் வந்தது மார்ச் 14. லட்சுமணும் டிராவிடும் காலையில இறங்கி, சாயங்காலம் வரைக்கும் அவுட்டே ஆகலை. ஒரே நாள்ல 335 ரன்! காலையில டீ குடிக்க வந்தவங்க வேலைக்குப் போகாம நின்னாங்க. உட்கார இடமில்லாம சைக்கிள் கேரியர்ல உட்கார்ந்து பார்த்தேன். லட்சுமண் 281, டிராவிட் 180. மறுநாள் டீ இடைவேளைக்கு அப்புறம் மட்டும் ஏழு விக்கெட். 171 ரன்ல வெற்றி. டெஸ்ட் வரலாற்றுலயே ஃபாலோ ஆன் ஆன அணி ஜெயிச்சது அன்னிக்கு வரைக்கும் அதோட சேர்த்து மூணே தடவைதான்.

கடைசி டெஸ்ட் நம்ம சேப்பாக்கத்துல. ஹெய்டன் 203, சச்சின் 126, ஹர்பஜன் மேட்ச்சுல மட்டும் 15 விக்கெட். (தொடர் முழுக்க 32! கும்ப்ளேவுக்குத் தோள்பட்டை காயம்னு உள்ள வந்த பையன்.) ஜெயிக்க வேண்டியது 155 தான். அதுக்கே எட்டு விக்கெட் காலி. மெக்ராத் பந்தை ஹர்பஜன் தட்டிவிட்டு ரெண்டு ஓடினதும், கடையில கண்ணாடி கிளாஸ் ரெண்டு உடைஞ்சது. அதுல ஒண்ணு மாமா கையில இருந்தது :-)

"என்ன மாமா, இதையும் பேசி வச்சாங்களா?"ன்னு கேட்டேன்.

"பேசி வச்சிருந்தா நம்மள இவ்ளோ நேரம் படுத்தியிருக்க மாட்டாய்ங்கடா"ன்னார்.

இதுக்கு மேல நான் என்ன ஆராய்ச்சி பண்றது? அந்தத் தொடரைப் பத்தி எழுதறவங்க கங்குலி தலைமை, புது இந்தியா, தன்னம்பிக்கைன்னு நிறைய எழுதுவாங்க. எல்லாம் சரிதான். ஆனா எங்க ஊருக்குத் திரும்பி வந்தது நம்பிக்கை. ஜெயிச்சதுக்காக மட்டும் அது வரலை. நாள் முழுக்க வெயில்ல நின்னு வேர்த்துக் கொட்டி ஆடினதைக் கண்ணால பார்த்தோம். அப்படி ஒரு நாளை எந்தத் தரகராலயும் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை மாட்டுக்கொட்டகையிலிருந்து பேட்டு வெளியே வந்தது. சாணி ஒட்டியிருந்துச்சு, கைப்பிடி ரப்பரை எலி கடிச்சிருந்துச்சு. கழுவி, சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினோம். சாயங்காலம் கண்மாய்ல பதினாலு பேர். எல்லாருமே ஹர்பஜன் மாதிரி கையைச் சுழட்டிப் போட்டாங்க, ஒருத்தன் பந்தும் திரும்பலை.

அதோட எல்லாம் சுத்தமாயிடுச்சான்னா, இல்லை. 2013-ல ஐபிஎல் சூதாட்ட விவகாரம் வெடிச்சது. 2015-ல நம்ம சென்னை அணிக்கே ரெண்டு வருஷத் தடை வந்துச்சு. அப்பவும் மனசு விட்டுப்போச்சுதான். ஆனா 2000-ல மாதிரி கண்மாயை விட்டு ஓடலை. ஆட்டம் வேற, அதை விக்கிறவன் வேறன்னு அந்த மார்ச் மாசமே கத்துக் கொடுத்திருந்துச்சே.

உங்க ஊர்ல அந்த 14-ம் தேதி எப்படிப் போச்சு? சொல்லுங்க, கேட்போம்.