கட்டளைவரியும் ஒப்புதலும்: செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களின் மென்பொருள் கட்டமைப்பு – ஓசூர்த் தொழிற்களத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினி முனையத்தில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களில் மொழி மாதிரியே அனைத்தும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. முன்மொழியும் உறுப்பையும் செயலாற்றும் உறுப்பையும் பிரித்து, இடையே மனித ஒப்புதலை நிறுத்தும் அமைப்பே அவற்றின் மையம் என இக்கட்டுரை வாதிடுகிறது. ஓசூர்ப் பகுதியில் வழங்கும் சி.என்.சி. இயந்திர நடைமுறை இதற்கு ஒப்பீடாகக் கொள்ளப்படுகிறது. அவ்வொப்புதல் எம்மொழியில் கேட்கப்படுகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டளைவரி, முனையம், மொழி மாதிரி, ஒப்புதல், ஓசூர், சி.என்.சி.

முன்னுரை

1953இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், அந்நகரின் இயந்திரக் கருவித் தொழிலுக்கு அடித்தளமிட்டது. அந்நகரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், எல்லையின் தமிழகப் பக்கத்தில் ஓசூர் அமைந்துள்ளது. 1971இல் உருவான சிப்காட் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டும், டாடா குழுமமும் டிட்கோவும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டனும் இங்கு ஆலைகள் அமைத்தன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளும் பெருகின. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில்முகம் இவ்வாறு உருப்பெற்றது.

இப்பட்டறைகளின் சி.என்.சி. இயந்திரங்கள் எழுதப்பட்ட வரிகளைப் படித்து இயங்குபவை. வரியாக எழுதிய கட்டளை பொருளுலகில் வினையாக மாறுவது இங்குள்ள தொழிலாளருக்கு அன்றாட அனுபவம். எனவே, கட்டளைவரி உதவியாளர்களின் கட்டமைப்பை விளங்கிக்கொள்ள ஓசூர் பொருத்தமான களமாகிறது.

1. ஒரே நிறுவனத்தில் மூன்று வேர்கள்

இக்கட்டமைப்பின் மூன்று வேர்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தோன்றின. துளைநாடாவிலிருந்து எண்களைப் படித்து இயங்கும் மில்லிங் இயந்திரம் 1952இல் அங்குச் செயல்விளக்கம் பெற்றது, இன்றைய சி.என்.சி.யின் தொடக்கம் அதுவே. பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினரின் நேரப்பகிர்வு முறைமை 1961இல் இயக்கிக் காட்டப்பட்டது. பலர் தத்தம் முனையத்திலிருந்து கட்டளையிட்டு உடனே விடைபெற அது வழிசெய்தது. அம்முறைமையின் மீது ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலிசா என்னும் உரையாடல் நிரல் 1966இல் வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று.

எந்திரத்தை எழுத்தால் இயக்குதல், கட்டளையிட்டு விடைபெறுதல், இயல்மொழியில் உரையாடுதல் ஆகிய இம்மூன்றும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. கட்டளைகளைப் பெற்று நிரல்களை இயக்கும் இடைநிரலுக்கு லூயி பூசான் 1960களில் ஷெல் எனப் பெயரிட்டார். 1973இல் யூனிக்ஸில் சேர்ந்த குழாய் அமைப்பு, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கியது. சிறு கருவிகளை எழுத்தால் இணைக்கும் இம்மரபு பின்னாளில் மொழி மாதிரிக்கு ஆயத்தமான பணிக்களமாயிற்று.

2. கட்டமைப்பின் உறுப்புகள்

2025இல் ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் சி.எல்.ஐ., கூகுளின் ஜெமினி சி.எல்.ஐ. ஆகியவை திறந்த மூலநிரலாக வெளிவந்தமையால் இவற்றின் உள்ளமைப்பு ஆய்வாளர் பார்வைக்குக் கிட்டியது. பயனரின் வினாவைப் பெறும் முனைய இடைமுகம் முதல் உறுப்பு. அறிவுறுத்தங்களையும் கோப்புப் பகுதிகளையும் முந்தைய உரையாடலையும் தொகுக்கும் சூழல் தொகுப்பி இரண்டாவது. தொலைவிலுள்ள வழங்கியில் பெரும்பாலும் இயங்கும் மொழி மாதிரி மூன்றாவது. கோப்பைப் படித்தல், திருத்துதல், ஷெல் கட்டளையை இயக்குதல் முதலிய கருவிகள் நான்காவது.

மொழி மாதிரிக்குத் தனக்கென நினைவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தேவையான உரையாடல் முழுவதும் அதற்கு மீண்டும் அளிக்கப்படுகிறது. அளவு மிகும்போது அது சுருக்கப்படுகிறது. மாதிரி எந்தக் கோப்பையும் தானே தொடுவதில்லை. இன்ன கருவியை இன்ன உள்ளீட்டுடன் இயக்குக என எழுத்தாக மட்டுமே முன்மொழிகிறது. பயனரின் கணினியிலுள்ள நிரல் அதனை இயக்கி, விளைவை மாதிரிக்குத் திருப்பியனுப்புகிறது. பணி முடியும்வரை இச்சுழற்சி தொடர்கிறது.

3. ஒப்புதல் வாயில்

முன்மொழிதலுக்கும் இயக்குதலுக்கும் இடையே ஐந்தாவது உறுப்பாக ஒப்புதல் வாயில் நிற்கிறது. கோப்பை மாற்றவோ கட்டளையை இயக்கவோ முற்படுமுன் நிரல் பயனரைக் கேட்கிறது.

சி.என்.சி. ஆபரேட்டருக்கு இது புதிதன்று. புதிய நிரலை முதன்முறை ஓட்டும்போது அவர் ‘சிங்கிள் பிளாக்’ முறையை இயக்குகிறார். அப்போது ‘சைக்கிள் ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தும்தோறும் ஒரு வரி மட்டுமே நிறைவேறும். நிரலில் எம்00 வரின் இயந்திரம் கட்டாயம் நிற்கும். எம்01 வரின், பலகையிலுள்ள விசை இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே நிற்கும். கட்டளைவரி உதவியாளரிலும் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்கும் நிலை முதல், எதற்கும் கேளாத நிலை வரை படிகள் உண்டு. ஜெமினி சி.எல்.ஐ.யில் கேளாத நிலைக்கு ‘யோலோ’ என்பது பெயர்.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சரிபார்க்கப்பட்ட சி.என்.சி. நிரல் ஆயிரமாவது முறையும் அதே அசைவுகளையே தரும். எனவே முதல் பொருளைச் சோதித்தபின் ஆபரேட்டர் சிங்கிள் பிளாக்கை நீக்கிவிடலாம். மொழி மாதிரியோ ஒரே வினாவுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வரிகளை முன்மொழியக்கூடும். நேற்றைய ஒப்புதல் இன்றைய வரிக்குச் சான்றாகாது. இங்கு ஒப்புதலின் மதிப்பு, வரியைப் படித்து உணர்வதையே முற்றிலும் சார்ந்துள்ளது.

4. முனையத்தில் தமிழ்

படித்து உணர்தல் மொழியைச் சார்ந்தது. முனையம் தொலைத்தட்டச்சுப் பொறியின் வழித்தோன்றல். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது அதன் விதி. தமிழ் இவ்விதிக்குள் அடங்குவதில்லை. ‘கெ’ என்பதில் உயிர்மெய்க் குறி, குறியீட்டு வரிசையில் மெய்க்குப் பின்னும் தோற்றத்தில் முன்னும் நிற்கிறது. ‘கொ’வில் அக்குறி மெய்யின் இருபுறமும் பிரிகிறது. ஆகவே பல முனையங்களில் தமிழ் சிதைந்தே தோன்றுகிறது. மேலும், யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும்.

ஓசூர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் நிலம்; வட மாநிலத் தொழிலாளரும் இங்கு வாழ்கின்றனர். சி.என்.சி. நிரலும் எழுத்துக்கோப்பே, அதனை எழுதும் பணி மொழி மாதிரிக்கு எட்டாததன்று. அவ்வாறு எழுதப்படும் வரிக்கு ஆங்கிலத்தில் ஒப்புதல் கேட்டால், பொறுப்பு மட்டும் ஆபரேட்டரிடம் வந்துசேரும். அறிந்து மறுக்கும் ஆற்றல் வந்துசேராது.

முடிவுரை

கட்டளைவரி உதவியாளரின் கட்டமைப்பு, சொல்பவரையும் செய்பவரையும் பிரித்த பழைய தொழில்நுட்ப மரபின் தொடர்ச்சி. அதில் மனிதருக்கு விடப்பட்ட இடம் ஒப்புதல் வாயில் ஒன்றே. அவ்வாயிலில் நிற்பவரின் மொழியில் கேள்வி அமையாவிடில் அந்த இடமும் பெயரளவினதாகிவிடும். எனவே முனையத்தில் தமிழைச் சிதைவின்றிக் காட்டுதலும், ஒப்புதல் வினாக்களுக்குத் தெளிந்த தமிழ் வழக்கை உருவாக்குதலும், கணினித்தமிழ் ஆய்வு முதன்மையாக மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.