சிங்கப்பூர் பெயர் பொறித்த காமிரா

பழைய காமிராக்களைத் தேடி வாங்குவோரிடையே இன்றும் ஒரு வழக்கம் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் 'ரோலை 35' என்னும் சிறு காமிரா கைக்குக் கிடைத்தால், வில்லையைப் பார்ப்பதற்கு முன்னால் உடலில் பொறித்துள்ள எழுத்துகளைத்தான் பார்ப்பார்கள். ஜெர்மனியில் செய்தது என்றிருந்தால் ஒரு விலை. சிங்கப்பூரில் செய்தது என்றிருந்தால் பெரும்பாலும் அதனினும் குறைந்த விலை. வடிவமைப்போ ஒன்றே. ஊரின் பெயரால் நேர்ந்த இவ்வேறுபாட்டுக்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சிங்கப்பூர்த் தொழிலாளரின் கைத்திறனைப் பற்றி வாங்குவோர் உள்ளத்தில் எழுந்த ஐயம் அவ்வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்கிறது. அந்த ஐயம் நியாயமானதா என்று உசாவுவதற்குக் காமிராவை வைத்திருந்தவர்களின் அனுபவத்தைவிட நல்ல சான்று வேறில்லை.

ஒளிப்படக்கலை சிங்கப்பூருக்கு விரைவாகவே வந்து சேர்ந்தது. டாகர் கண்ட முறை பாரிசில் வெளியிடப்பட்ட ஆண்டு 1839. அதன்பின் சில ஆண்டுகளுக்குள், அமெரிக்கக் கப்பலொன்றின் மருத்துவர் காட்டிய தகட்டுப் படத்தைக் கண்டு வியந்த முன்ஷி அப்துல்லா, அச்செய்தியைத் தம் 'ஹிகாயத் அப்துல்லா'வில் எழுதிவைத்தார். அவர் அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்தவர், தமிழ் கற்றவர். 1844 ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஜூல் இத்தியே எடுத்த சிங்கப்பூர் ஆற்றங்கரைக் காட்சி இன்றும் அழியாமல் இருக்கிறது. 1867 இல் லாம்பர்ட் நிலையம் தோன்றியது. அந்நிலையத்தார் விற்ற படங்களில் தமிழரும் உண்டு. ஆனால் அவர்கள் படத்துக்குள் நின்றவர்கள். கருவி வேறொருவர் கையில் இருந்தது. காமிராவைச் செய்யும் இடமாகச் சிங்கப்பூர் மாறுவதற்கு மேலும் நூறாண்டு செல்ல வேண்டியிருந்தது.

ரோலை நிறுவனம் 1920 இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவரால் தொடங்கப்பெற்றது. 1929 இல் அது வெளியிட்ட இரட்டை வில்லைக் காமிராவாகிய ரோலைஃபிளெக்ஸ் உலகெங்கும் புகழ் பெற்றது. 1960 களில் ஜப்பானியக் காமிராக்கள் அப்புகழை அரிக்கத் தொடங்கின. ஹைன்ஸ் வாஸ்கே வகுத்த ரோலை 35, 1966 இல் கொலோன் நகரக் கண்காட்சியில் வெளிவந்து நல்ல வரவேற்பைப் பெற்றபோதிலும், ஜெர்மனியின் கூலி உயர்ந்துகொண்டே சென்றது. கூலி குறைந்த நாடொன்றை நிறுவனம் தேடியது.

சிங்கப்பூருக்கும் அப்போது நெருக்கடியான காலம். 1965 இல் தனிநாடாயிற்று. 1968 இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. 1971 இல் படைகள் பெரும்பாலும் வெளியேறின. தளங்களை நம்பிப் பிழைத்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேறு வேலை வேண்டும். பொருளியல் வளர்ச்சிக் கழகம் உலகெங்கும் தொழிலதிபர்களை அழைத்துக்கொண்டிருந்த அந்நாளில் ரோலை வந்தது. 1970 இல் நிறுவனம் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர், அவர்களில் இளம்பெண்கள் பலர், மயிரிழை அளவுகளோடு போராடும் வேலையில் அமர்ந்தனர்.

இவ்விடத்தில் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். காமிராத் தொழிலில் நெடும் பழக்கம் உள்ள குடும்பங்கள் பிரவுன்ஷ்வைக்கில் இருந்தன, சிங்கப்பூரில் இல்லை. கருவியை இறக்குமதி செய்யலாம், கைப்பழக்கத்தை இறக்குமதி செய்ய முடியாது. ஆகவே அரசும் தொழிற்சாலையும் கூட்டாகப் பயிற்சிக்கூடம் நடத்தும் முறை உண்டாயிற்று. இம்முறையில் முதலாவதாக அமைந்தது இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு 1972 இல் தொடங்கிய கூடம் என்பதை இந்தியர் பலரும் மறந்துவிட்டனர். இரண்டாவது 1973 இல் ரோலையோடு. மூன்றாவது 1975 இல் பிலிப்ஸோடு. நுண்கருவிகளை அறுத்தல், கடைதல், அளத்தல், பொருத்தல் ஆகியவற்றை இளைஞர் அங்கே கற்றனர். ஆலைக்கு வேண்டியவர்களை மட்டுமன்றி, அதற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் பயிற்றவேண்டும் என்பது ஏற்பாடு. தன் தேவைக்கு மிஞ்சிப் பிறர்க்கும் ஆள் பயிற்றித் தரும்படி ஒரு முதலாளியை இணங்கவைத்தது சாதாரணச் செயலன்று.

அங்கே உருவான காமிராக்களில் எதிரொளிப்புக் காமிராவே இக்கட்டுரைக்கு முதன்மையானது. இன்றைய எண்முறைக் காமிராவுக்கும் முன்னோடி அதுதான். அதன் அமைப்பு எளிது. வில்லை வழியாக வரும் ஒளி, 45 பாகை சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே செல்லும். மங்கல் கண்ணாடியில் விழும் உருவத்தை ஐங்கோணப் பட்டகம் நேராக்கிக் கண்ணுக்குக் காட்டும். விசையை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும், திரை திறக்கும், ஒளி படச்சுருளில் படியும், கண்ணாடி மீண்டும் கீழிறங்கும். கண் கண்ட காட்சியே படமாகும் என்பதுதான் இதன் சிறப்பு. ரோலை இவ்வகையில் 'எஸ்எல் 35' என்னும் காமிராவை 1970 இல் வெளியிட்டது. 1972 முதல் அது சிங்கப்பூரில் செய்யப்பட்டது. மிக உயர்ந்த விலையுமன்று, மலிவுமன்று. தொழில்முறைப் படப்பிடிப்பாளருக்கும் முதன்முதல் வாங்குவோருக்கும் இடைப்பட்ட நடுத்தரக் கருவி.

இதை வைத்திருந்தோர் பெரிதும் போற்றியது ட்சைஸ் நிறுவனம் வகுத்த பிளானார் வில்லையை. படத்தின் தெளிவுக்காகவே காமிராவைப் பொறுத்துக்கொண்டவர்கள் உண்டு. பொறுக்கவேண்டியதும் இருந்தது. ஒளியை அளக்கும்போது வில்லைத்துளையைச் சுருக்கியாக வேண்டும். அவ்வேளையில் காட்சி இருண்டுவிடும். ஜப்பானியப் போட்டியாளர்கள் வேண்டுமட்டும் வில்லைகளை விற்றபோது இதற்குக் கிடைத்தவை குறைவு. ஒளிமானிக்கு வேண்டிய பாதரச மின்கலம் பிற்காலத்தில் தடைசெய்யப்பட்டதால், வேறு மின்கலம் இடுவோர்க்கு அளவு பிழைக்கிறது. அதைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளவோ, தனி ஒளிமானியைக் கையில் வைத்துக்கொள்ளவோ பழகியவர்களிடம் இன்றும் அக்காமிரா வேலை செய்கிறது.

1976 இல் எஸ்எல் 35 எம், 1978 இல் எஸ்எல் 35 ஈ ஆகியவை வந்தன. பின்னது மின்னணுச் சுற்றால் இயங்குவது. ஒளிக்கேற்பத் திரையின் வேகத்தைத் தானே முடிவு செய்வது. அழகிய கருவி. ஆனால் அதன் உரிமையாளர்களின் குறைகள் நீண்ட பட்டியலாகும். திரை அசையாது நின்றுவிடுதல், சுற்று செயலிழத்தல், பழுது பார்ப்போர் கையில் எடுக்கவே தயங்குதல் ஆகியவை அடிக்கடி கேட்பவை. 'சிங்கப்பூர்ச் சரக்கு' என்ற ஏளனம் வலுப்பெற்றது இத்தகைய அனுபவங்களாலேயே. பழியைப் பூட்டியவர் விரலில் ஏற்றுவது எளிது. ஆனால் அதே ஊரில், அதே தலைமுறைத் தொழிலாளர் பூட்டிய ரோலை 35 அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்கு என்ன விடை? ஜெர்மன், சிங்கப்பூர் என இரண்டையும் பயன்படுத்தியவர்கள் படத்தில் வேறுபாடு காண்பதரிது என்றே பெரும்பாலும் சொல்லுகிறார்கள். குறை, மின்னணுவியலில் போதிய பட்டறிவு இல்லாத காலத்து வடிவமைப்பில் இருந்தது என்று கொள்வதே பொருத்தம். ரோலை 35 கூட முரட்டுக் கையைப் பொறுக்காது. படச்சுருளைச் சுற்றிய பிறகே வில்லைக் குழாயை உள்ளே தள்ளவேண்டும். அதை அறியாமல் அழுத்தித் தள்ளிவிட்டு, செய்த ஊரைத் திட்டியவர்களும் இருந்திருப்பர்.

சிங்கப்பூரில் காமிரா வைத்திருப்போர் யாவர்க்கும் பொதுவான பகை ஒன்றுண்டு. அது காற்றின் ஈரம். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். அலமாரியில் தோலுறையோடு வைத்த காமிராவைச் சில திங்கள் கழித்து எடுத்தால், வில்லைக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். முதலில் மேற்பூச்சைத் தின்னும். விட்டால் கண்ணாடியிலேயே தழும்பு விழும். அரிசிப் பானைக்குள் வைப்பது, சிலிக்கா மணிப் பொட்டலம் இடுவது என்று பலரும் பலவாறு முயன்றனர். ஈரத்தை 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தும் மின்பெட்டி, காமிரா வாங்குவோர் அதனோடு சேர்த்து வாங்கும் பொருளாகிவிட்டது. குளிர்நாட்டு நூல்களில் இதைப் பற்றி அவ்வளவாகக் காணமுடியாது. இதை உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் கற்றனர்.

1981 இல் ரோலை நொடித்தது. தாய்நிறுவனம் வீழவே சிங்கப்பூர் ஆலைகளும் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். நாட்டின் பெரிய முதலாளிகளுள் ஒருவர் திடீரென மறைந்தது அக்காலத்தில் பேரதிர்ச்சி. ஆனால் அறுக்கவும் அளக்கவும் கற்ற கைகள் ஆலையோடு மூடப்படவில்லை. அடுத்து வந்த மின்னணு, நுண்பொறித் தொழில்களுக்கு அத்தகைய கைகளே தேவைப்பட்டன.

பத்தாண்டு சென்றது. 1991 இல் கோடாக் நிறுவனம் நிக்கான் காமிராவின் உடலில் படச்சுருளுக்குப் பதில் ஒளியுணரியைப் பொருத்தி, எண்முறை எதிரொளிப்புக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே சுமக்கவேண்டும். விலையோ சாதாரண மனிதர்க்கு எட்டாதது. 2003 இல் கேனான் 300டி, 2004 இல் நிக்கான் டி70 ஆகியவை ஆயிரம் அமெரிக்க டாலருக்குள் வந்தபின்தான் நடுத்தரக் குடும்பங்கள் அவற்றை வாங்கலாயின. 1987 இல் லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் திறந்த சிம் லிம் ஸ்குவேர் போன்ற கடைத்தொகுதிகளுக்குச் சென்று விலை பேசுவது ஒரு தனிக் கலையாயிற்று.

இக்காமிராக்களின் பயனை அறிய விரும்புவோர் தைப்பூச நாளில் சிராங்கூன் சாலைக்குச் செல்லவேண்டும். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் விடியற்கருக்கலிலேயே புறப்படும். விளக்கு வெளிச்சத்தில் ஆடிவரும் காவடியைப் படச்சுருளில் பிடிப்பது கடினம். 36 படம் முடிந்தால் இருட்டில் சுருளை மாற்றவேண்டும். நன்றாக விழுந்ததா என்று அறிய மேலும் சில நாள் காத்திருக்கவேண்டும். டி70 உணர்திறனை 1600 வரையிலும், 2008 இல் வந்த டி90 அதனை 3200 வரையிலும் உயர்த்தித் தந்தன. படத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. அசைபடம் எடுக்கும் முதல் எதிரொளிப்புக் காமிராவும் டி90 தான். தொழில்முறையினர் அல்லாத சாதாரண மக்களே தங்கள் அண்ணன் தம்பியரின் காவடியைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பு இதனால் கிட்டியது. லாம்பர்ட் நிலையத்துப் படங்களை நினைத்துப் பார்ப்போர்க்கு இம்மாற்றத்தின் அளவு விளங்கும்.

குறைகளும் இல்லாமலில்லை. வில்லையை மாற்றும்போது தூசி உள்ளே புகுந்து ஒளியுணரியில் ஒட்டிக்கொள்ளும்; வானத்தைப் படமெடுத்தால் கரும்புள்ளியாகத் தெரியும். டி70 வைத்திருந்தோர் ஊதுபந்தும் கையுமாக இருந்தனர். டி90 இல் தூசியை உதறும் அமைப்பு வந்தது. ஈரமும் பூஞ்சையும் மட்டும் முன்போலவே இருந்தன.

பழைய ஐயமும் மறையவில்லை. டி70, டி90 ஆகியவற்றின் அடியில் 'தாய்லாந்தில் செய்தது' என்றிருந்தது. ஜப்பானில் செய்தது கிடைக்காதா என்று கடைக்காரரிடம் கேட்டவர்கள், ஒரு தலைமுறைக்கு முன் சிங்கப்பூரின் பெயரைக் கண்டு முகம் சுளித்தவர்களின் வழிவந்தவர்களே. 2011 அக்டோபரில் வெள்ளம் அயுத்தயாவின் தொழிற்பேட்டையை மூழ்கடித்து நிக்கான் ஆலையை நிறுத்தியபோதுதான், உலகின் கடைகளில் காமிரா கிடைப்பதற்கு அவ்வூர்த் தொழிலாளரின் கைகளை எவ்வளவு நம்பியிருந்தோம் என்பது பலருக்கும் தெரிந்தது.

இப்போது கண்ணாடியே இல்லாத காமிராக்கள் வந்து, எதிரொளிப்புக் காமிராக்கள் பழைய சரக்காகி வருகின்றன. பழம்பொருள்களுக்குப் பேர்பெற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 இல் மூடப்பட்டது. பெனின்சுலா கடைத்தொகுதியின் பழைய காமிராக் கடைகளில் டி90 ஐயும் ரோலை 35 ஐயும் ஒருசேரக் காணலாம். படச்சுருளை விரும்பும் இளைஞர்கள் பின்னதைத்தான் கேட்கிறார்கள்.