வயல், தோட்டம், காடு, மனை

கொங்கு நாட்டார் நிலத்தை மூவகையாகப் பகுத்தனர். ஆற்றுநீர் பாய்வது வயல். கிணற்றுநீர் பாய்வது தோட்டம். மழையை நம்பியது காடு. ஆறில்லா அன்னூர், தோட்டத்தாலும் காட்டாலும் வாழ்ந்த ஊர்.

தெற்கே கோவை நகரம் எழுந்ததும் இந்நிலத்தின் பருத்தியாலேயே. 1888இல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை தோன்றியது. 1932இல் பைக்காரா மின்சாரம் பிறக்க, ஆலைகள் பெருகின. அம்மின்சாரமே பின்னர்க் கிணற்று மோட்டாரையும் இயக்கியது. கவலையிறைத்த எருதுகள் ஓய்ந்தன. ஆலையும் தோட்டமும் உடன்பிறப்புகளாய் வளர்ந்தன. 1981இல் கோவை மாநகராட்சியாயிற்று. இங்கோ கிணறுகள் வற்றின, ஆழ்துளைகள் இறங்கின.

இன்று நான்காம் சொல்லொன்று நுழைந்துள்ளது: மனை. அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,862 ஏக்கரில் தொழிற்பூங்கா அமைக்க 2021இல் அரசு முற்பட்டது. உழவர் போராடினர். விருப்பமில்லாதார் நிலம் எடுக்கப்படாதென 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியது. மூன்று மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்குப் பவானியின் உபரிநீரைக் கொணரும் திட்டம் அது. குளம் நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் தோட்டம் நிற்கும். ஆயின் நீர்வளம் மனையின் விலையையும் உயர்த்தும். பல்லாண்டு வேண்டிப் பெற்ற நீர், உழவனை நிலத்தில் நிறுத்துமா, நிலத்தை விற்கத் தூண்டுமா?

நகரம் வருவதைத் தடுத்தல் அரிது. குளத்தையும் அதற்கு நீர்கொணரும் பள்ளங்களையும் விட்டு விலகி வரச்செய்தல் இயலும். தவறினால், ‘தோட்டம்’ என்னும் சொல் நம் கவிதைகளில் மட்டுமே எஞ்சும்.