கொம்பின் சுழியும் மெய்யின் புள்ளியும்



இம்மலரின் அச்சுப்படியைத் திருத்த மலர்க் குழுவினராகிய நாம் ஓர் இரவு அமர்ந்திருந்தபோது, விழா நிகழ்ச்சி நிரலின் முதல் வரி நம்மைத் திடுக்கிட வைத்தது. 'திருக்கொடியேற்றம்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'திருக்கோடியேற்றம்' என்று இருந்தது. கணக்குப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும், "நல்ல சகுனம்தான், இருக்கட்டும்" என்றார். கொம்பின் தலையில் ஒரு சிறு சுழி கூடிவிட்டது, அவ்வளவே. அந்தச் சுழியின் வரலாறு நம் திருச்சபை வரலாற்றோடு பிணைந்த ஒன்றாதலால், அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இன்று நம் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே எகரத்தையும் ஏகாரத்தையும் வேறு வேறாக எழுதிப் பழகுகின்றனர். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை அவ்வாறு இல்லை. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இட வேண்டும். எகர ஒகரக் குறில்களின் மேலும் புள்ளி இட வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. ஆனால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டே எழுதினர். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சியே விட்டனர் என்பர். கல்வெட்டுகளிலும் பல இடங்களில் புள்ளியைக் காண்பதற்கில்லை.

புள்ளி போனதும் குழப்பம் வந்தது. குறிலும் நெடிலும் ஒரே வடிவமாயின. ஏட்டில் 'எரி' என்று கண்டால் அது நெருப்போ நீர்நிலையோ, படிப்பவரே உய்த்துணர வேண்டும். 'கொடு' என்பது ஈகையோ, கீறிய கோடோ? 'பெறு' என்பது ஏவலோ, பெற்ற பேறோ? போதாக்குறைக்குக் காலும் ரகரமும் ஒரே கோடாக இருந்தன. ஆகவே 'கர' என்று எழுதியதைக் கர என்றும், கர் என்றும், கா என்றும் படிக்கலாம். பழகிய புலவர்க்கு இது பெரிய தடையன்று. பாட்டின் பொருளும் ஓசையும் அவரைக் கைபிடித்து நடத்திச் செல்லும். பழகாதவர் நிலை?

அச்சு வந்தும் இது தீர்ந்துவிடவில்லை. முத்துக்குளித்துறையில் மறைப்பணி ஆற்றிய சேசு சபைக் குரவர் அன்றீக்கு அடிகளார் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூல் இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்ற பெருமையுடையது. ஆயினும் ஏட்டு வழக்கையே அதுவும் பின்பற்றிற்று. புள்ளி இல்லை, குறில் நெடில் வேறுபாடும் இல்லை.

இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே ஊரில் 1680-இல் பிறந்த கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கி அடிகளார் தமிழகம் வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அவரே பின்னாளில் நாம் போற்றும் வீரமாமுனிவர். தேம்பாவணியின் 3615 பாடல்களை அறிந்தோர் பலர். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் திருத்தலத்திற்கு நம் பங்கிலிருந்து ஆண்டுதோறும் செல்வோரும் உண்டு. ஆனால் அவர் கவனம் செலுத்திய மிகச் சிறிய பொருளைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

தாய்மொழியாகத் தமிழைப் பேசுவோர் ஏட்டின் குறையைக் காணாமலே கடந்து போயினர். கண்டாலும் அதனைக் குறை என்று எண்ணவில்லை. முப்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய அயல்நாட்டார் ஒவ்வோர் 'எ'விலும் நின்று தடுமாறியிருப்பார். அத்தடுமாற்றத்தை அவர் மறக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். குறிலுக்குப் புள்ளி இடுமாறு மீண்டும் வற்புறுத்துவதை விட்டு, நெடிலுக்கு வேறு அடையாளம் கண்டார். எகரத்தின் காலைக் கீழே இழுத்து நீட்டினால் ஏகாரம். ஒகரத்தைச் சுழித்தால் ஓகாரம். உயிர்மெய்யில் கொம்பின் தலையைச் சுழித்தால் 'கெ' 'கே' ஆகும். ஓலையைக் குத்த வேண்டியதில்லை. எழுத்தாணி போகிற போக்கிலேயே முடிந்துவிடும் வேலை. தம் இலக்கண நூலாகிய தொன்னூல் விளக்கத்திலும் இதற்கு இடம் தந்தார். இம்மாற்றங்களில் எவ்வளவு அவர் ஒருவருடையது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

இது புலவர்க்கு மட்டும் உதவிய காரியமன்று. அந்நாளில் ஒரு குருவானவர்க்குப் பல நாள் நடைதூரத்து ஊர்களெல்லாம் பொறுப்பு. ஆண்டில் ஓரிரு முறையே அவர் ஓர் ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்லிக் கொடுத்தவரும், மரணப் படுக்கையருகே அமர்ந்து மந்திரம் வாசித்தவரும் உபதேசியாரே. வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். உரைநடையில் எதுகையும் இல்லை, சந்தமும் இல்லை. தவறிய இடத்தில் பாட்டைப் போல் அது கைகொடுக்காது. எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், புலமை இல்லாத ஓர் எளிய மனிதர், சாகக் கிடப்பவரின் செவியில் 'பேறு' என்பதைப் 'பெறு' என்று படிக்காமல் இருக்க வேண்டுமானால், அந்தச் சுழி அங்கே இருந்தாக வேண்டும்.

அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டவர்களோ, அவர் நூல் மேல் நூலாக எழுதி எதிர்த்து வாதிட்ட லுத்தரன் சபையார்! சண்டையைச் சண்டையாகவும் இலக்கணத்தை இலக்கணமாகவும் வைத்துக்கொண்ட அந்தப் பெருந்தன்மையை இரு தரப்பிலும் நாம் மெச்சுகிறோம்.

சுழி உடனே ஊரெங்கும் பரவிவிடவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான நூல்கள் சிலவற்றிலும் பழைய குழப்பம் தொடர்ந்தது. ஏடு எழுதுவோர் பழைய வழக்கையே கைக்கொண்டனர். அச்சுக்கூடங்கள் பெருகிய பின்னரே அது நிலைபெற்றது. பின்னர் 1978-இல் தமிழக அரசு வேறு சில எழுத்துகளின் வடிவைத் திருத்தியதை நம் பங்கின் பெரியோர் நன்கு அறிவர். யானைத் துதிக்கை போன்ற பழைய 'லை' அவர்களுடைய செபப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது.

இங்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார் யாரேனும் உபதேசியாராக இருந்திருப்பின், பரண்மேல் ஓலைச் சுவடியோ பழைய கையெழுத்துப் படியோ கிடக்கக்கூடும். படிக்க முடியவில்லை என்று எரித்துவிடாதீர்கள். புள்ளியும் சுழியும் இல்லாததால் படிக்க முடியாததாகத் தோன்றலாம். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பங்கு இல்லத்தில் கொண்டு வந்து காட்டுங்கள்.

நிற்க. திருக்கொடியேற்றத்தை மூவர் மும்முறை பார்த்துத் திருத்திவிட்டோம். ஏனைய பக்கங்களில் கொம்பு எங்கேனும் சுழிந்தோ சுழியாமலோ இருந்தால், ஞாயிறு பூசைக்குப் பின் நம்மிடம் நேரில் சொல்லுங்கள்.