தரங்கம்பாடி அச்சகமும் மேற்குலகின் எழுச்சியும்



மேற்குலகம் எவ்வாறு உயர்ந்தது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் இரண்டு விடைகள் உலவுகின்றன. அறிவு, அறிவியல், ஒழுங்கு அனைத்தும் ஐரோப்பாவிலேயே பிறந்தன என்பது ஒன்று; நம் பிள்ளைகள் பாடநூல்களை மேலோட்டமாகப் படித்து இதை நம்புகிறார்கள். அவையனைத்தும் முஸ்லிம்களிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டவையே என்பது மற்றொன்று. கைப்பேசியில் வரும் செய்திகளைப் பார்த்துப் பெரியவர்கள் இதை நம்புகிறார்கள். முதலாவது நம்மைத் தாழ்த்துகிறது; இரண்டாவது நம்மைத் தூங்க வைக்கிறது. உண்மை என்னவென்று அறிய ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. திருக்கடையூரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியின் வரலாறே நமக்குப் போதுமான சான்றுகளைத் தருகிறது.

1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நாயக்கர் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. அந்த உடன்படிக்கையின்படி டேனியர் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். கடலைத் தாண்டி வந்தது ஓர் அரசரின் படை மட்டுமன்று. 1616இல் தொடங்கப்பட்ட ஒரு வணிகக் கம்பெனியும் வந்தது. பலர் பங்குப் பணம் போட்டு, இலாபத்தையும் நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. நம் மரைக்காயர்களும் துணிவில் குறைந்தவர்களல்லர். அவர்களுடைய மரக்கலங்கள் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று வந்தன. ஆயினும் அவ்வணிகம் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது. குடும்பத் தலைவர் மறைந்தால் வணிகமும் பிள்ளைகளிடையே பிரிந்துபோகும். கம்பெனியோ அதைத் தொடங்கியவர்கள் இறந்த பின்னும் நிலைத்தது. மேற்குலகை வளர்த்த முதல் ஆற்றல் இவ்வாறு தனிமனிதரைக் கடந்து வாழும் அமைப்புதான்.

இரண்டாவது ஆற்றல் 1706ஆம் ஆண்டு வந்து இறங்கியது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியப் பாதிரியார்கள் அவ்வாண்டு ஜூலையில் தரங்கம்பாடியை அடைந்தனர். கம்பெனியின் ஆளுநர் ஹாசியஸ் அவர்களை விரும்பவில்லை. 1708இன் இறுதியில் சீகன்பால்குவைக் கோட்டையிலேயே சில மாதங்கள் சிறை வைத்தார். மேற்குலகம் என்பது ஒரே எண்ணம் கொண்ட ஒரே உருவம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வணிகமும் சமயமும் அரசும் அங்கே ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வளர்ந்தன.

சீகன்பால்கு பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708இல் அவர் தொகுத்த சுவடிப் பட்டியலில் தமிழ் முஸ்லிம்களின் நூல்களுக்கும் ஒரு பகுதி உண்டு. தாம் மாற்ற வந்த மக்களின் நூல்களைக் கூட ஓர் அயல்நாட்டார் கணக்கெடுத்து வைத்திருக்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1707லேயே அவர்கள் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். 1713இல் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. பக்கத்திலுள்ள பொறையாரில் காகிதப் பட்டறையும் எழுந்தது.

இந்த வேகத்தின் பின்னே ஒரு கருத்து இருந்தது. 1517இல் ஜெர்மனியில் லூதர் தொடங்கிய சீர்திருத்தம், ஒவ்வொருவரும் வேதத்தைத் தத்தம் தாய்மொழியில் தாமே படிக்க வேண்டும் என்றது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டும். படிக்கப் பள்ளி வேண்டும். எல்லோர் கைக்கும் நூல் சேர அச்சு வேண்டும். அவர்களுடைய சமயக் கொள்கை நம்முடையதன்று. ஆனால் ஒரு கருத்து செயலாக மாறிய அந்த முறை நாம் சிந்திக்கத்தக்கது.

அந்த அச்சு எதன் மீது பதிந்தது? காகிதத்தின் மீது. சீனர் கண்ட காகிதத்தை எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் செய்யத் தொடங்கினர். முஸ்லிம் ஸ்பெயினின் ஷாத்திபா நகர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் காகிதத்துக்குப் பெயர்பெற்றிருந்தது. பின்னரே இத்தாலியின் பட்டறைகள் எழுந்தன. நாம் சொல்லும் ‘காகிதம்’ பாரசீக, அரபு வழக்கிலிருந்து வந்த சொல். ‘கடுதாசி’ போர்த்துகீசியர் தந்த சொல். ஒரே பொருள் நம்மிடம் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்த வரலாறு இவ்விரு சொற்களிலும் உறைந்திருக்கிறது.

அறிவும் அவ்வாறே பயணித்தது. கலீஃபா மஃமூன் காலத்து பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியாயின. அப்பணியைத் தொடர்ந்து சிறந்த மொழிபெயர்ப்பாளராகப் போற்றப்பட்ட ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை அல் குவாரிஸ்மி அரபியில் விளக்கினார். 1085இல் டொலேடோ நகர் கிறிஸ்தவ அரசர் கைக்குச் சென்ற பின், கிரெமோனா ஊர் ஜெரார்டு அங்கே தங்கி, இப்னு சீனாவின் மருத்துவ நூல் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். இப்னு ருஷ்து எழுதிய அரிஸ்டாட்டில் உரைகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாயின. ஆகவே ஐரோப்பா நம்மிடமிருந்து பெற்றது உண்மை. நாம் கிரேக்கரிடமும் இந்தியரிடமும் சீனரிடமும் பெற்றதும் உண்மை. கொடுப்பதும் வாங்குவதும் நாகரிகங்களின் இயல்பு. அதில் வெட்கமும் இல்லை, வீண்பெருமையும் இல்லை.

அப்படியானால் நாம் எங்கே பின்தங்கினோம்? ஐரோப்பாவில் குட்டன்பர்க் 1455ஆம் ஆண்டளவில் பைபிளை அச்சிட்டார். இஸ்தான்புல்லில் முஸ்லிம்கள் நடத்திய முதல் அச்சகத்தின் முதல் நூல் வெளிவந்ததோ 1729இல். எழுத்தர்களின் பிழைப்பு, கையெழுத்துக் கலையின் மீதிருந்த மதிப்பு என அறிஞர்கள் பல காரணங்கள் கூறுவர். தமிழ்நாட்டில் உமறுப்புலவரின் சீறாப்புராணம் தரங்கம்பாடி அச்சகத்திற்கு முன்பே இயற்றப்பட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அக்காப்பியம் ஓலையிலேயே உறங்கி, 1842இல்தான் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதர் நெய்னா லெப்பை ஆலிமின் உழைப்பால் அச்சேறியது. இந்தியர் அச்சகம் நடத்த இருந்த கட்டுப்பாடுகள் 1835 வரை நீடித்ததும் ஒரு காரணம். பழி முழுவதையும் நம் முன்னோர் மீது போடுவது நீதியன்று. ஆயினும் அந்த நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

மேற்குலகின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அதே டேனியக் கொடி பறந்த கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை அட்லாண்டிக் கடல் தாண்டி அடிமைகளாகக் கொண்டுபோயின. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விலைக்கு விற்கப்பட்டது; விற்றவரும் வாங்கியவரும் அங்கு வாழ்ந்த மக்களின் விருப்பத்தைக் கேட்கவில்லை. அறிவைப் பரப்பியவர்களே மனிதரை விலைபேசவும் செய்தார்கள். எனவே அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுப்போம். விட வேண்டியதை விடுவோம்.

நம் மார்க்கத்தின் முதல் வஹீ ஓதுவதையும் எழுதுகோலையும் பேசியது என்பதை நம் பிள்ளைகள் எல்லோரும் அறிவர். அந்த அறிவுக்கு வேலை நம் ஊர்களிலேயே காத்திருக்கிறது. காவிரிப் படுகையின் பழைய முஸ்லிம் வீடுகளில், பரணிலும் மரப்பெட்டியிலும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் மௌலிது ஏடுகளும் வணிகக் கணக்குகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரிலுள்ள ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எடுக்கட்டும். கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கட்டும். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவரிடம் இரண்டு பிள்ளைகளாவது அமர்ந்து கற்கட்டும். ஓர் அயல்நாட்டார் 1708இல் செய்த வேலையை நமக்காக நாமே செய்ய இதைவிட எளிய காலம் வாய்க்காது. அதற்கான மனத்தையும் உழைப்பையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக, ஆமீன்.