பீப்பாய், தேயிலைப் பெட்டி, தெர்மகோல்

இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் இலங்கைச் சந்தைக்கென்றே மீன் பதப்படுத்தும் முறை ஒன்று இருந்தது. வணிகர்கள் அதைக் ‘கொழும்பு கியூரிங்’ என்றார்கள். கானாங்கெளுத்தியின் செவுளையும் குடலையும் நீக்கி, வயிற்றுக்குள் குடம்புளியை வைத்து, உப்போடு தொட்டியில் அடுக்குவார்கள். மீனிலிருந்து கசியும் நீரே உப்பைக் கரைத்து உவர்நீராகும். மீன் அதில் ஊறும். பிறகு மரப்பீப்பாய்க்கு மாற்றி, விளிம்புவரை உவர்நீர் ஊற்றி மூடிக் கப்பலேற்றுவார்கள். பீப்பாய் கசிந்தால் வெளியே தெரியும் மீனில் காற்றுப் பட்டு, கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும்.

கருவாட்டுக்குக் கவலை வேறு. கோணிச் சாக்கோ ஓலைப்பாயோ காற்றின் ஈரத்தைத் தடுக்காது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். பீப்பாய்க்குள் நீர் நிற்க வேண்டும். சாக்குக்குள் நீர் புகவே கூடாது. மீனுக்கு எந்த உறை என்பதை அன்று முதல் தீர்மானித்து வந்தது இந்த நீர்க்கணக்குதான்.

ஐஸ் வந்ததும் கணக்கு மாறியது. கேரளக் கடற்கரையிலிருந்து தொலைதூர நகரங்களுக்கு ரயிலேறிய மீன், மூங்கில் கூடையில் ஐஸோடு அடுக்கப்பட்டுப் போனது. உருகும் நீர் ரத்தத்தையும் கொழகொழப்பையும் கழுவிக்கொண்டு வடிந்தது நல்லதுதான். ஆனால் வெயில் நுழைய வழி இருந்ததால் ஐஸ் சீக்கிரம் கரைந்தது. மேலே பாரம் ஏறினால் கூடை நசுங்கி மீனும் நசுங்கியது. 1957இல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்குக் கண்ட மாற்று எளிமையானது: தேயிலை ஏற்றிப் பயன்படுத்திய பழைய ஒட்டுப்பலகைப் பெட்டி. அதன் உட்புறத்தில் தெர்மகோல் பதித்தார்கள். பெட்டி நசுங்கவில்லை, ஐஸும் கூடுதல் நேரம் தாங்கியது. பின்னாளில் பலகை போய், தெர்மகோலே பெட்டியானது.

உறைமீனின் கதை அமெரிக்காவில் பிறந்தது. 1920களில் கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ, மீனை அட்டைப்பெட்டியில் அடைத்து, குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைத்தார். தகடு ஒட்ட வேண்டுமானால் பெட்டி தட்டையாக இருந்தாக வேண்டும். இன்றும் பல ஆலைகளில் இறால் தட்டையான பாளமாகவே உறைகிறது.

1953இல் கொச்சியிலிருந்து 13 டன் உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போனது. இந்தியாவின் உறைமீன் ஏற்றுமதி தொடங்கியது அங்கேதான். இறால் ஆலையில் வழக்கமான வேலை இது: தட்டில் பாலித்தீன் விரித்து 2 கிலோ இறாலை அடுக்குவார்கள். இடுக்கெல்லாம் நிறைய ஐஸ்நீர் ஊற்றி உறைய வைப்பார்கள். இந்த உறைநீர்ப் படலம் இல்லையென்றால் குளிரறையின் வறண்ட காற்று இறாலின் ஈரத்தை உறிஞ்சி, சதை வெளுத்து நார்நாராகும். பாளங்களை மெழுகு பூசிய அட்டையில் இட்டு, பத்துப் பத்தாகப் பெரிய நெளியட்டைப் பெட்டியில் அடுக்கி நாடா கட்டுவார்கள்.

அடுத்து வந்த வெற்றிட உறை காற்றையே வெளியேற்றியது. சிக்கு வாடை நின்றது, ஆனால் வேறொரு ஆபத்து உள்ளே புகுந்தது. 1963இல் அமெரிக்காவில் பேரேரிகளின் புகையூட்டிய மீன், வெற்றிட உறையில் விற்கப்பட்டு, போட்யூலிசம் நஞ்சால் உயிர்களைப் பறித்தது. அந்த நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. அதன் ‘இ’ வகை, 3.3 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வளரத் தொடங்கிவிடும். சாதாரணக் குளிர்பெட்டி அதற்குப் போதுமான தடை இல்லை.

அதனால்தான் குளிரூட்டிய பச்சை மீனுக்கு, ஆக்சிஜனை உள்ளே விடும் உறையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது: ஒரு சதுர மீட்டர் வழியே 24 மணி நேரத்தில் 10,000 கன சென்டிமீட்டர். வெற்றிட உறையில் உறைய வைத்த மீனுக்கு இந்தக் கவலை உறைநிலையில் இல்லை. பனி விட்டதும் தொடங்குகிறது. கடையில் வாங்கும் அத்தகைய உறைகளில், குளிர்பெட்டியில் வைத்துப் பனி விடச் செய்யும் முன் உறையைப் பிரித்துவிடும்படி அச்சிட்டிருப்பது அதற்காகத்தான்.